எச்சரிக்கை என்னும் கைகழுவல்: வாடகைத் தளங்களும் வீடு தேடும் மாணவர்களும்

“எச்சரிக்கையாக இருங்கள்” என்பதைவிட மலிவான பாதுகாப்பு ஏற்பாடு இந்தியாவில் வேறொன்றில்லை. சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் காவல்துறையின் சமூக ஊடகப் பக்கம் அதைச் சொல்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி அதைச் சொல்கிறது. வாடகை வீட்டுத் தளம் தன் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அதைச் சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகம் அதையே சுற்றறிக்கையாக ஒட்டுகிறது. நான்கு அமைப்புகளும் சேர்ந்து சொல்வதன் பொருள் ஒன்றுதான்: பணம் போனால் அது போனவரின் தவறு.

அறிவுரை தவறானதன்று. முன்பின் அறியாதவருக்குப் பணம் அனுப்பக் கூடாது என்பதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் முன்பின் அறியாத இருவரை ஒருவரையொருவர் நம்பச் செய்து, அந்த நம்பிக்கையிலிருந்து கட்டணமும் விளம்பர வருவாயும் ஈட்டுவதுதான் வாடகைத் தளம் என்னும் தொழில். நம்பிக்கையை விற்பனைப் பொருளாக்கியவர், அப்பொருள் பழுதானபோது வாங்கியவரின் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டி ஒதுங்கிக்கொள்வது எந்த நியாயத்திலும் சேராது. போலி வீட்டு விளம்பரமும் கைப்பற்றப்பட்ட கணக்கும் தனிமனிதரின் கவனம் பற்றிய சிக்கல்கள் என்று பேசப்படுகின்றன. அவை உண்மையில் இழப்பை யார் சுமப்பது என்பது பற்றிய சிக்கல்கள்.

1. மோசடியின் மூன்று வடிவங்கள்

முதல் வடிவம் எளியது. வேறொரு நகரத்தின் வேறொரு வீட்டு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்ட நான்கைந்து ஒளிப்படங்கள். அப்பகுதியின் நடப்பு வாடகையைவிடச் சற்றே குறைந்த, ஆனால் ஐயத்தை எழுப்பாத ஒரு தொகை. இடமாற்றலில் சென்றுவிட்டதாகச் சொல்லும் ஒரு வீட்டு உரிமையாளர். அவர் பல நேரங்களில் தம்மை ராணுவத்திலோ மத்தியப் பாதுகாப்புப் படையிலோ பணிபுரிபவராக அறிமுகப்படுத்திக்கொள்கிறார். சீருடைப் படத்தையும் அடையாள அட்டையின் நகலையும் கேட்காமலே அனுப்பிவைக்கிறார். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் குடியிருப்பு வளாகத்தின் நுழைவுச் சீட்டுக்கு ஒரு சிறு தொகை. அது வாடகையில் கழிக்கப்படும் என்று உறுதி. அடுத்து டோக்கன் தொகை, ஏனெனில் வேறு மூவர் காத்திருக்கிறார்கள். அடுத்து ஒரு மாத முன்பணம். ஒவ்வொரு தொகையும் முன்பு கொடுத்த தொகையைக் காப்பாற்றுவதற்காகவே கொடுக்கப்படுகிறது. பிறகு அந்த எண் அணைந்துவிடுகிறது.

இரண்டாம் வடிவமே இங்கு முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. இதில் போலிக் கணக்கு எதுவும் இல்லை; உண்மையான ஒருவரின் உண்மையான கணக்கு கைப்பற்றப்படுகிறது. வாட்ஸ்அப் கணக்கின் ஆறிலக்கக் குறியீட்டை நயமாகக் கேட்டுப் பெறுவது, கூரியர் நிறுவனத்தின் பெயரால் அழைத்து ஓர் எண்வரிசையை அழுத்தச் செய்து அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது, ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லை மற்றொரு தளத்தில் பொருத்திப் பார்ப்பது என இதற்கு வழிகள் பல. கைப்பற்றப்பட்டது வாடகைத் தளத்தில் பல ஆண்டுகளாக வீடு விட்டுவரும் ஒருவரின் கணக்காக இருக்கலாம். மாணவர் குழு ஒன்றில் எல்லாருக்கும் அறிமுகமான மூத்த ஆய்வாளரின் முகநூல் கணக்காகவும் இருக்கலாம். “முனீர்காவில் இருக்கும் என் அறையைக் காலி செய்கிறேன், மாற்றாக ஒருவர் தேவை” என்ற ஓர் இடுகை அங்கிருந்து வருகிறது.

அந்த இடுகையைக் காணும் மாணவி எச்சரிக்கையாகவே இருக்கிறார். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று பார்க்கிறார். எட்டு ஆண்டு பழமை. பொது நண்பர்களைப் பார்க்கிறார். பதினேழு பேர், இருவர் அவருடைய துறையினர். பழைய இடுகைகளைப் பார்க்கிறார். கருத்தரங்கப் படங்கள், நூல் மதிப்புரைகள், நெறியாளரோடு எடுத்த படம். சுற்றறிக்கை சொன்ன சோதனைகள் அனைத்திலும் அக்கணக்கு தேறுகிறது. எச்சரிக்கை என்பது அடையாளத்தைச் சரிபார்ப்பது. திருடப்பட்டிருப்பதோ அந்த அடையாளமேதான். எனவே இங்கு எச்சரிக்கையால் மோசடியைத் தடுக்க முடிவதில்லை; மோசடியே எச்சரிக்கையைப் பயன்படுத்திக்கொள்கிறது. எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரோ அவ்வளவு உறுதியாக அவர் நம்புவார். “கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று பின்னர் அவரிடம் சொல்பவர், கைப்பற்றப்பட்ட கணக்கு என்றால் என்ன என்பதையே புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாம் வடிவம் எதிர்த்திசையில் நிகழ்வது. வீடு தேடுபவராக நடிப்பவர், வீட்டு உரிமையாளருக்கு முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புகிறார். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டதும் உரிமையாளரின் கணக்கிலிருந்து பணம் போகிறது. ஓய்வூதியத்தோடு ஒரு மாடி வாடகையை நம்பி வாழும் முதியவர்கள் இதற்கு எளிதில் இரையாகின்றனர். அடுத்த முறை முகம் தெரியாத ஒருவருக்கு வீடு விட அவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் விலையையும் இறுதியில் வெளியூர் மாணவரே கொடுக்கிறார்.

2. ஏமாறுபவர் யார்?

“படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள்?” என்ற ஏளனம் கல்விப்புலத்திற்குள்ளேயே அதிகம் கேட்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் 15,000 ரூபாயை இழந்தார் என்றால் துறையின் தேநீர் நேரத்தில் அது ஒரு வேடிக்கைக் கதை. ஆனால் ஏமாறுவதற்கும் படிப்புக்கும் தொடர்பு குறைவு. தொடர்பு தொலைவோடும், உறவோடும், சாதியோடும், மதத்தோடும் இருக்கிறது.

நேரில் சென்று பார்க்க முடிந்தவருக்கு இம்மோசடி பெரிய அச்சுறுத்தலன்று. டெல்லியில் சிற்றப்பா வீடு உள்ளவர் அங்கே இரண்டு வாரம் தங்கி, விஜய் நகரிலும் சத்திய நிகேதனிலும் ஏறி இறங்கி, பிடித்த அறையைத் தேர்ந்தெடுப்பார். சூராசாந்துபூரிலிருந்தோ பஸ்தரிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வருபவர் தொலைவிலிருந்தபடியே ஓர் அறையை உறுதி செய்துகொண்டுதான் ரயில் ஏற முடியும். உயர்கல்வி பற்றிய அனைத்திந்தியக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் பயின்றோர் ஏறத்தாழ 4.33 கோடி. இவர்களுள் ஊர்விட்டு ஊர் வந்து, விடுதியில் இடம் கிடைக்காமல், முதல் தலைமுறையாக ஒரு பெருநகரில் வீடு தேடுவோர்தான் போலி விளம்பரத்தின் இயல்பான வாசகர்கள். பணத்தைக் காணாமலே அனுப்புவதை அவர்களின் அசட்டுத்தனமாகக் கொள்வது அநீதி. அவர்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் தலைநகர் வட்டாரத்தின் வாடகைச் சந்தை குறித்து நடத்தி, 2015இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீட்டுக் கதவு எப்படிச் சாத்தப்படுகிறது என்பதை ஆவணப்படுத்தியது. சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இணையவழி வாடகை விளம்பரங்களிலேயே, முஸ்லிம் பெயரோடு விண்ணப்பிப்பவரை உரிமையாளர்கள் திரும்ப அழைப்பது குறைவு என்று காட்டியது. வடகிழக்கு மாநிலத்தவர், தனித்து வாழும் பெண்கள், இறைச்சி உண்போர், திருநர் ஆகியோரின் அனுபவமும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

பன்னிரண்டு உண்மையான உரிமையாளர்கள் பெயரைக் கேட்டதும் “இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்” என்று சொன்ன பிறகு, பதின்மூன்றாவதாக ஒருவர் “எந்தச் சமூகமானாலும் பரவாயில்லை, என்ன சமைத்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் படித்தால் போதும்” என்கிறார். அந்தப் பதின்மூன்றாமவர் மோசடிக்காரர். இந்திய வாடகைச் சந்தையில் சாதியும் மதமும் கேட்காத குரல் என்பதே ஐயத்திற்குரிய அறிகுறியாகிவிட்டது. “நம்ப முடியாத அளவுக்கு நல்ல வாய்ப்பாக இருந்தால் நம்பாதீர்கள்” என்று காவல்துறை சொல்கிறது. சிலருக்கு மரியாதையாக நடத்தப்படுவதே நம்ப முடியாத அளவுக்கு நல்ல வாய்ப்பு. அவர்களிடம் அதையும் சந்தேகிக்கச் சொல்லும் அறிவுரை, பாகுபாட்டை இயல்பென ஏற்கச் சொல்லும் அறிவுரையே.

3. அறிவிப்புப் பலகை என்னும் வேடம்

வாடகைத் தளங்களின் நிலையான விடை இது: “விளம்பரம் இடுபவர் வேறு, நாங்கள் வேறு. நாங்கள் வெறும் அறிவிப்புப் பலகை.” தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு இவ்விடைக்கு அரணாக நிற்கிறது. மூன்றாம் தரப்பினரின் தகவலுக்கு இடைநிலையாளர் பொறுப்பாகார் என்பது அதன் சாரம். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பின்னரே ஓர் இடைநிலையாளருக்கு ‘உண்மையான அறிவு’ ஏற்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று அப்பிரிவைப் பொருள்கொண்டது.

அத்தீர்ப்பைக் கல்வியாளர்கள் கொண்டாடியது சரியே. கருத்துரிமையைத் தனியார் நிறுவனங்களின் அச்சத்திற்கு அடகு வைக்காதிருக்க அந்தப் பாதுகாப்பு தேவை. ஆனால் ஓர் அரசியல் கருத்தைக் காக்க நெய்த குடையின் கீழ், இரண்டு படுக்கையறை வீடு ஒன்றின் பொய் விளம்பரமும் ஒதுங்கி நிற்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகா. விளம்பரத்தைத் தரவரிசைப்படுத்தி, கட்டணம் செலுத்தியவரை மேலே ஏற்றி, உரிமையாளரின் எண்ணைக் காண்பதற்கே சந்தா வாங்கும் தளத்தைப் பலகை என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதி. செயல்நிலை இடைநிலையாளர், செயலற்ற இடைநிலையாளர் என்ற வேறுபாட்டை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018இல், கிறிஸ்டியன் லூபுதான் வழக்கில் வகுத்தார். 79ஆம் பிரிவில் அத்தகைய வேறுபாடு இல்லை என்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2020இல் ஆம்வே வழக்கில் கூறியது. இவ்விவாதம் அறிவுசார் சொத்தையும் மின்வணிகத்தையும் சுற்றியே நடக்கிறது. வீடு தேடும் மாணவரின் கண்ணோட்டத்தில் இதை எழுப்பும் சட்ட ஆய்வுகள் தேவை.

அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒரு வாதம் நிற்கும். விளம்பரத்தின் அருகே பச்சை நிறத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. அதை எழுதியவர் யார்? விளம்பரதாரர் அல்லர், தளம். 79ஆம் பிரிவு காப்பது மூன்றாம் தரப்பினரின் கூற்றை. தளத்தின் சொந்தக் கூற்றை அன்று. அந்த முத்திரையின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி போய்ச் சேர்ந்தது என்ற ஒரே தகவல்தான். எண் செயல்படுகிறது என்பதற்கும், அந்த எண்ணுக்குரியவருக்கு அவ்வீட்டை வாடகைக்கு விடும் உரிமை உண்டு என்பதற்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் மோசடி குடியிருக்கிறது. சரிபார்த்தது எதை என்று சொல்லாத முத்திரை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பேசும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தின் எல்லைக்குள் வருமா என்பது நுகர்வோர் ஆணையங்களின் முன் எழுப்பப்பட வேண்டிய வினா. சந்தா செலுத்தியவர் நுகர்வோர் அல்லர் என்று சொல்வது எந்தத் தளத்துக்கும் எளிதன்று.

வாடகைத் தரகு முறைப்படுத்தப்படாதிருப்பதும் இதற்குத் துணை. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அது பதிவுபெற்ற திட்டங்களின் விற்பனைக்கு உரியது. வீடு வாங்குபவரின் முகவருக்குப் பதிவு உண்டு. வாடகைக்கு எடுப்பவரின் தரகருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கான முன்பணத்தை இரு மாத வாடகைக்கு மிகாமல் வரையறுத்தது. ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்திடம் தெரிவிக்கச் சொன்னது. பெயருக்கேற்ப அது ஒரு மாதிரி மட்டுமே. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில்.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரையைப் பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கின்றனர். பொருளின் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில், கெட்ட பொருள் நல்ல பொருளை வெளியேற்றும் என்பது அதன் பாடம். வாடகைத் தளத்தில் இதுவே நடக்கிறது. போலி விளம்பரங்கள் பெருகப் பெருக நேர்மையான உரிமையாளர் தளத்தை விட்டு விலகித் தெரிந்தவர் வழியாக மட்டுமே வீடு விடுகிறார். ‘தெரிந்தவர் வழி’ என்பது இந்தியாவில் சாதி வழி, மத வழி, மாநில வழி என்பதன் இன்னொரு பெயர். சாதியைத் தாண்டி வீடு தேட இணையம் திறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரே சாளரம் இப்படித்தான் மெல்ல மூடுகிறது.

4. வங்கியும் காவல் நிலையமும்

பணம் போனபின் என்ன ஆகிறது? மின்னணுப் பரிவர்த்தனை மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு நல்ல ஏற்பாடு: வங்கி, வாடிக்கையாளர் இருவர் மேலும் தவறில்லாத நிலையில், வாடிக்கையாளர் அங்கீகரிக்காத பரிவர்த்தனையை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அது அங்கீகரிக்காத பரிவர்த்தனைக்கு உரியது. போலி வீட்டுக்கு முன்பணம் அனுப்பியவர் தம் கையாலேயே பின் எண்ணை இட்டிருக்கிறார். எனவே அவர் ‘அங்கீகரித்தவர்’. ஏமாற்றிப் பெற்ற ஒப்புதல் ஒப்புதலாகாது என்று ஒப்பந்தச் சட்ட வகுப்பில் கற்பிக்கப்படுகிறது. வங்கியின் முகப்பில் அது செல்லுபடியாவதில்லை.

இது இயற்கையின் விதியன்று. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அச்சுமையைப் பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதியாகப் பகிர்கின்றன. மோசடிக்காரரின் கணக்கைத் தொடங்கிக் கொடுத்த வங்கிக்கும் இழப்பில் பங்கு உண்டு என்றாகும்போது, கணக்குத் தொடங்கும் முன் ஆளைப் பார்க்கும் கண் தானே கூர்மையாகிறது.

அந்தப் பெறும் கணக்கு யாருடையது என்பதையும் கல்வி வளாகங்கள் சிந்திக்க வேண்டும். மோசடிப் பணம் நேராக மோசடிக்காரரைச் சேர்வதில்லை. சிறு தரகுக்காகத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்பாட்டுக்குக் கொடுத்தவர்களின் கணக்குகள் வழியாகப் பாய்கிறது. ‘மியூல் கணக்கு’ எனப்படும் இக்கணக்குகளுக்கு ஆள் பிடிப்போர் கல்லூரி மாணவர்களையும் தேடி வருகின்றனர். ஒரு வளாகத்தின் மாணவர் இழந்த முன்பணம் மற்றொரு வளாகத்தின் மாணவர் கணக்கு வழியே போகிறது. முதலாமவருக்குப் பணம் இல்லை, இரண்டாமவருக்கு வழக்கு.

1930 என்ற உதவி எண் இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. விரைந்து புகார் செய்தால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு என்பதால் இவ்விரண்டையும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் பணம் போனதை உணர்வதற்கே இம்மோசடியில் நாள்கள் ஆகின்றன. பெட்டியோடு வாசலில் வந்து இறங்கி, அந்த முகவரியில் வேறொரு குடும்பம் வாழ்வதைக் கண்ட பின்னரே பலர் அறிகின்றனர். காவல் நிலையத்திலோ எல்லைத் தகராறு: பணம் அனுப்பியது ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில், கணக்கு ஓர் ஊரில். எல்லை எதுவாயினும் தகவலைப் பதிந்தாக வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு கூறுகிறது. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டம் குறைவில்லை, இழந்தது 15,000 ரூபாய்தானே என்று ஆய்வாளர் ஒருவரைத் திருப்பி அனுப்பாத காவல் நிலையம்தான் குறைவு.

5. வடிவமைப்பு மாறினால் என்ன ஆகும்?

விழிப்புணர்வே தீர்வு என்போர் அண்மை ஆண்டுகளின் இரண்டு முடிவுகளை எண்ணிப் பார்க்கட்டும். “பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை” என்று ஆண்டுக்கணக்காகக் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் யுபிஐ வழியே பணம் கோரும் வசதியைப் பயன்படுத்தி ஏமாற்றுவது தொடர்ந்தது. பின்னர் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் தனிநபர்களுக்கிடையேயான அக்கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் முதல் நிறுத்தியது. அவ்வாறே, எண்வரிசையை அழுத்தி அழைப்புகளைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. இரண்டிலும் அடைக்கப்பட்டது கதவு. கதவருகே கவனமாக நடக்கும்படி மக்களுக்கு உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. அடைக்க முடியும் என்பதற்கு இவை சான்று. அத்தனை ஆண்டுகள் அடைக்கப்படாமல் இருந்தன என்பதற்கும் இவையே சான்று.

வாடகைத் தளங்களிலும் அடைக்கக்கூடிய கதவுகள் உள்ளன. ஒரே ஒளிப்படம் இரு நகரங்களின் இரு விளம்பரங்களில் வந்தால் கணினி அதைக் கண்டறியும்; அத்தொழில்நுட்பம் புதிதன்று. ஒரு கணக்கின் கடவுச்சொல்லும் கைப்பேசி எண்ணும் ஒரே நாளில் மாறினால், மறுசரிபார்ப்பு முடியும்வரை அதன் விளம்பரங்களை மறைத்துவைக்கலாம். கணக்கு கைப்பற்றப்பட்டது உறுதியானால், முந்தைய நாள்களில் அக்கணக்கோடு உரையாடிய அனைவருக்கும் உடனே செய்தி அனுப்பலாம். யார் யார் உரையாடினார்கள் என்பது தளத்துக்கு மட்டுமே தெரியும். டோக்கன் தொகையைத் தளமே பொறுப்பில் வைத்திருந்து, குடிபுகுந்த பின் உரிமையாளருக்கு விடுவிக்கலாம்.

கணக்கைப் பறிகொடுத்தவரின் நிலையும் இங்கு மறக்கத்தக்கதன்று. அவர் பெயரால் மோசடி நடக்கிறது. ஏமாந்தவர்கள் அவரைத் திட்டுகின்றனர். காவல்துறை அவரை அழைக்கிறது. கணக்கை மீட்கும் குறியீடோ, மோசடிக்காரர் ஏற்கெனவே மாற்றிவிட்ட மின்னஞ்சலுக்கே போகிறது. 2021இல் வகுக்கப்பட்ட இடைநிலையாளர் விதிகள், குறைதீர்ப்பு அலுவலர் 24 மணி நேரத்தில் புகாரை ஏற்று 15 நாள்களில் தீர்க்க வேண்டும் என்றும், ஆள்மாறாட்ட உள்ளடக்கம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் விதித்தன. ஆனால் புகாருக்கு விடை சொல்வது பெரும்பாலும் ஒரு தானியங்கி. “உங்கள் கணக்கில் நுழைந்து புகார் செய்யுங்கள்” என்கிறது. நுழைய முடியவில்லை என்பதுதானே புகார்!

6. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: சரிபார்ப்புக்குச் செலவாகும், அது வாடகையில் ஏறும். ஏறட்டும் என்று சொல்வது எளிதன்று. ஆனால் செலவு இப்போதும் இருக்கிறது. அது எல்லார் மேலும் சிறிதுசிறிதாகப் பரவாமல், ஏமாந்த சிலர் மேல் முழுமையாக விழுகிறது. நெட் தேர்ச்சி இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் நீண்ட காலமாக வழங்கப்பட்டுவரும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதிலும் முதல் தவணை வரப் பல மாதங்கள் ஆகும். அவர் இழக்கும் ஒரு முன்பணம் ஒரு பருவத்தின் உணவு.

இரண்டாம் மறுப்பு கனமானது: சரிபார்ப்பு என்ற பெயரில் கண்காணிப்பு பெருகும். இந்த அச்சத்திற்கு அடிப்படை உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் வாடகைதாரரிடம் கேட்காத ஆவணம் இல்லை. காவல் சரிபார்ப்பு என்பது சில சமூகத்தவருக்கு அவமதிப்பாகவே முடிகிறது. ஆகவே எது சரிபார்க்கப்பட வேண்டும் என்பதில் தெளிவு தேவை. இன்று சரிபார்க்கப்படுபவர் வீடு தேடுபவர். சரிபார்க்கப்பட வேண்டியது வீட்டை விடுபவரின் உரிமை. மின்கட்டண ரசீதோ சொத்து வரி ரசீதோ, அதிலுள்ள பெயருக்கும் பணம் பெறும் வங்கிக் கணக்கின் பெயருக்கும் பொருத்தமோ போதும். ஆதாரைத் தனியார் நிறுவனங்களிடம் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. சரிபார்ப்பின் திசையைத் திருப்புவதே கோரிக்கை. அதன் அளவைக் கூட்டுவதன்று.

மூன்றாம் மறுப்பு: வயது வந்தவர்கள் தம் முடிவுக்குத் தாமே பொறுப்பு. உண்மை. முடிவெடுக்கத் தேவையான தகவல் முடிவெடுப்பவரிடம் இருக்கும்போது மட்டும். ஒரு விளம்பரம் எப்போது மாற்றப்பட்டது, அக்கணக்கின் மீது எத்தனை புகார்கள் உள்ளன, எந்தக் கருவியிலிருந்து அது இயக்கப்படுகிறது என்பன அனைத்தும் தளத்திடம் உள்ளன. மாணவரிடம் ஒரு பச்சை முத்திரை மட்டுமே உள்ளது. அறிவு ஒரு பக்கமும் பொறுப்பு மறுபக்கமும் இருக்கும் ஏற்பாட்டைத் தனிமனித சுதந்திரம் என்று அழைப்பது கேலி.

7. பல்கலைக்கழகத்தின் கடன்

தளங்களையும் வங்கிகளையும் சுட்டும் விரல் வளாகத்தின் பக்கமும் திரும்ப வேண்டும். மாணவர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே விடுதி கட்டாதிருக்கும் நிறுவனம், வெளியே நடப்பதற்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. அது தன் மாணவரை அச்சந்தைக்கு அனுப்பிவைத்திருக்கிறது. நாற்பதாண்டுகளாக ஒரே பேட்டையில் தன் மாணவர்கள் குடியிருக்க, அங்குள்ள நம்பத்தகுந்த வீடுகளின் பட்டியல்கூட இல்லாத பல்கலைக்கழகம், தன் நகரத்தைத் தானே ஆராயாத நிறுவனம்.

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை உள. சேர்க்கைக்குப் பின் முதல் இரண்டு வாரம் வெளியூர் மாணவர் அனைவருக்கும் ஒரு தற்காலிகப் படுக்கை; அதற்கு விளையாட்டரங்கின் கூடமும் விருந்தினர் இல்லமும் போதும். அந்த இரண்டு வாரம் இருந்தால் யாரும் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை. மோசடியின் அடித்தளமே சரியும். அடுத்து, ஊதியம் பெறும் மாணவர் உதவியாளர்களைக் கொண்ட ஒரு வீட்டு வசதிப் பிரிவு: வீட்டை நேரில் பார்த்து, உரிமையாளரோடு பேசி, பாகுபாடு காட்டுபவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரத்தோடு. மூன்றாவதாக, ஏமாந்த மாணவரோடு காவல் நிலையத்துக்குச் செல்லும் ஒருவர். இறுதியாக, உதவித்தொகையின் முதல் தவணையைச் சேர்ந்த மாதத்திலேயே வழங்குவது.

இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் சுற்றறிக்கை ஒட்டும் அலுவலகம் மாணவரைக் காப்பதில்லை. நாளை எழக்கூடிய வினாவிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன் துணைவேந்தரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முதல் நாள் இரவு பெட்டியோடு வந்து நிற்கும் மாணவருக்கு எங்கே படுக்கை? அதற்கு எழுத்தில் விடை கிடைக்கும்வரை “எச்சரிக்கையாக இருங்கள்” என்ற தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட யாருக்கும் உரிமையில்லை.